கோறை நார்: "வெற்று அகணி" எண்டு எழுதாதேங்கோ

கிளிநொச்சியில ஏ.எல் பெடியளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறன். நேத்து ஒருத்தன் போனில தமிழ்க் கட்டுரை ஒண்டைக் காட்டினான், தலைப்பு "வெற்று அகணி நார் மூலம் உயர் சக்தி லேசர் விநியோகம்". "சேர், காத்தை உறிஞ்சி எடுத்துப்போட்டே ஒளியை விடுறது?" எண்டு கேட்டான். இப்பிடிக் கேட்டது அவன் மூண்டாவது ஆள், பெடியளில பிழை இல்லை.

வழமையான ஒளியியல் நாரில நடுவில கண்ணாடி. வலுக்கூடின லேசரை விட்டா அந்தக் கண்ணாடியே ஒளியைக் குழப்பும், மிஞ்சினா எரிஞ்சும் போகும். அதால நடுவை ஓட்டையா விட்டு, சுத்திவர மெல்லிய கண்ணாடிக் குழல்களை வச்சு ஒளியைக் காத்துக்குள்ளயே போகவைக்கினம். 2022 இல சவுதாம்டன் பல்கலைக்கழக ஆக்கள் 1 கிலோவாற் லேசரை இப்பிடி 1 கிலோமீற்றர் கொண்டுபோய்க் காட்டினவை. ஆங்கிலத்தில இதை ஹொலோ கோர் ஃபைபர் எண்டுவினம், கோர் எண்ட நடுப்பகுதியைத்தான் கட்டுரையில அகணி எண்டு போட்டிருக்கு. ஹொலோ, பொந்து எண்ட பழைய சொல்லில இருந்து வந்தது, ஃபைபர் லத்தீன். அவ்வளவுதான்.

வெற்று எண்டா என்ன? வெற்றுத்தாள், வெறுங்கை, வெற்றுப்பேச்சு, எல்லாத்திலயும் இருக்கவேண்டிய ஒண்டு இல்லை. இந்த நாரில ஓட்டை வேணுமெண்டே விட்டது, வேலை நடக்கிறதே அதுக்குள்ளதான். அதோட எங்கட பாடத்தில வெற்றிடம் எண்டா காத்தும் இல்லாத இடம், பெடியன் வேற என்னத்தை நினைப்பான்? அகணி நல்ல சொல்லு, பனைமட்டையின்ட உள்நார், மின்காந்தத்துக்கு மென்னிரும்பு அகணி எண்டும் படிப்பிக்கிறம், ஆனா அது திரண்ட பொருள், ஓட்டைக்கு அந்தப் பேர் ஒட்டாது.

எங்கட காணியில நிண்ட பாலை மரம் ஒண்டு கோறை விழுந்தது, உள்ளுக்கு முழுக்கப் பொந்து. வெளியால பாத்தா நல்ல மரம், கோடாலிப் பிடியால தட்டினா டொம் எண்டும். கை போற பொந்தால தேன்பூச்சி போய்வரும், அப்பா புகை போட்டுத் தேன் எடுப்பார். அதை ஆராவது வெற்று மரம் எண்டவையே? கோறை மரம் எண்டுதான் சொன்னவை. அப்ப இது கோறை நார். கோறை எண்டா உளுத்தது எண்டு சிலர் சொல்லுவினம், உளுத்ததுக்குத்தான் உளுத்தது எண்டு தனிச் சொல்லு இருக்கே. குழல் நார் எண்டும் ஒரு அண்ணை எழுதுறார், சுத்திவர இருக்கிறதும் குழல்தானே, எந்தக் குழலுக்குள்ளால ஒளி போகுது எண்டு ஆர் சொல்லுறது?

மொழிபெயர்க்கிறவை பொருளைப் பாக்காம அகராதியை மட்டும் பாத்தா இப்பிடித்தான். வலுவை (பவர்) சக்தி (எனர்ஜி) எண்டு எழுதினா ஓ.எல் பிள்ளைக்கே புள்ளி வெட்டுவம். விநியோகம் எண்டா எனக்கு நிவாரண அரிசிதான் ஞாபகம் வருது.

"கோறை நாரால வலுக்கூடின லேசரைக் கொண்டுபோறது" எண்டு பலகையில எழுதினன். கொஞ்சநேரம் பாத்துக்கொண்டிருந்திட்டு அதே பெடியன் கேட்டான், "சேர், காத்தின்ட முறிவுச்சுட்டி கண்ணாடியை விடக் குறைவெல்லோ, அப்ப முழு அகத்தெறிப்பு நடக்காதே?" நடக்காதுதான், நடுவின்ட முறிவுச்சுட்டி சுத்தியிருக்கிறதை விடக் கூடினாத்தான் ஒளி விளிம்பில பட்டு முழுசா உள்ளுக்கே தெறிக்கும். இதெல்லோ அவன் முதல்லயே கேட்டிருக்கவேண்டிய கேள்வி.