சினகாக்கை "யூத தேவாலயம்"னு எழுதாதீங்க

நேத்து ஸ்பெயின் டூர் வீடியோ ஒண்ணு பார்த்துட்டு இருந்தேன், டொலேடோ ஊரைக் காட்டறாங்க, கீழ தமிழ் சப்டைட்டில்ல "இந்த யூத தேவாலயம் பின்னர் தேவாலயமாக மாற்றப்பட்டது"ன்னு ஓடுது. தேவாலயம் எப்படிங்க தேவாலயமா மாறும்? யூதர்கள் கூடித் தொழற இடமான சினகாக்னு வந்தாலே இப்படித்தான் போடறாங்க, பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சு.

கிரேக்கத்துல சுனகோகேன்னா ஒண்ணு கூடறது. எபிரேயத்துல பெத் க்னெசெத், கூடும் வீடு. ரெண்டுலயும் தேவனும் இல்ல, ஆலயமும் இல்ல.

மரபுப்படி யூதர்களுக்கு ஆலயம்னா ஜெருசலேம்ல இருந்தது ஒண்ணுதான், பலி குடுத்தது அங்கதான், அதை கி.பி. 70ல ரோமர்கள் இடிச்சுட்டாங்க. சினகாக்ல பலி கிடையாது, வயசு வந்த ஆம்பளைங்க பத்து பேர் சேர்ந்தா கூட்டுத் தொழுகை நடக்கும், தோராங்கற அவங்க வேத நூலை வாசிப்பாங்க.

வீடியோல காட்டின கட்டடம் 1357 வாக்குல, இப்ப ஸ்பெயின்ல இருக்கற காஸ்டில் நாட்டு ராஜா முதலாம் பெட்ரோவோட கஜானா அதிகாரி சாமுவேல் ஹலேவி கட்டினது. சுவரோட மேல்பக்கம் பைபிளோட சங்கீதப் புத்தக வரிகள் எபிரேய எழுத்துல சுத்தி ஓடும், பொம்பளைங்களுக்கு மேல தனி மாடம். 1492ல யூதர்களை நாட்டை விட்டே விரட்டினதும் கலாத்ராவாங்கற கத்தோலிக்க வீரர் சபை கைக்குப் போய் சர்ச் ஆச்சு, இப்ப அந்தக் கட்டடத்துக்கு இருக்கற எல் ட்ரான்ஸிட்டோங்கற பேரே சர்ச்சா இருந்தப்ப ஒட்டினதுதான். 1964ல யூத மியூசியமா அறிவிச்சாங்க. சப்டைட்டில்ல அந்த ஒரு சொல் தப்பானதால 1492ல நடந்த கொடுமையே காணாம போயிடுச்சு.

புராட்டஸ்டன்ட் பைபிள்ல ஜெப ஆலயம்னு இருக்கு. பழகின சொல்தான், இவ்வளவு குழப்பாது, ஆனா ஆலயம் அதுலயும் ஒட்டிக்கிட்டு வருது. கொச்சில ஜூதப்பள்ளின்னு அழகா சொல்றாங்க, நாம யூதப்பள்ளின்னு எழுதினா ஸ்கூல்னு படிப்பாங்க (ஐரோப்பிய யூதர்களோட யித்திஷ் மொழியிலயும் சினகாக் ஷூல்தான், ஜெர்மன்ல ஸ்கூலுக்கு உள்ள ஷூலேங்கற சொல்லோட அதே வேர்தான்!). கத்தோலிக்கர்கள் படிக்கற பைபிள் பொது மொழிபெயர்ப்புல தொழுகைக்கூடம்னு போட்டிருக்காங்க, என்னைக் கேட்டா அதுதான் சரி, கூடம்னு சொல்றப்பவே கூடறது காதுல விழுது. தொழுகைன்னா பள்ளிவாசல் ஞாபகம் வருதேன்னு சிலர் சொல்றாங்க. தொழுங்கற வினை குறள்லயே இருக்கு, அது எல்லாருக்கும் பொது.

மொழிபெயர்க்கறவங்க கட்டடத்துக்குள்ள என்ன நடந்துச்சுன்னு ஒரு நிமிஷம் பார்த்துட்டு எழுதினா போதும். "தொழுகைக்கூடமா இருந்து, சர்ச்சாகி, இப்ப யூத மியூசியமா இருக்கு." இவ்வளவுதான் அந்த சப்டைட்டில்ல வந்திருக்கணும்.