இருட்டில் ஒரு கணம் ஒளிரும் முத்திரை

கல்முனையில் பத்தாம் தரம் படிக்கும் ஒரு மாணவி கேட்ட கேள்வி இது. அம்மம்மாவின் தகரப் பெட்டிக்குள் லண்டன் மாமா 1990களில் போட்ட கடிதங்கள் கிடந்தனவாம். முத்திரைகளின் மேல் அலை அலையாகக் கோடுகள். "எங்கட தபால் கந்தோரில் கையாலதானே வட்டமாகக் குத்துவாங்க? அங்க மெசின் குத்துதாம். முத்திரை உறையில எந்த மூலையில இருக்கு என்று மெசினுக்கு எப்படித் தெரியும்?"

முத்திரை ஒட்டுவது சுலபம். ஒட்டிய முத்திரையை இன்னொருவர் உரித்தெடுத்துத் திரும்பப் பாவிக்காமல் தடுப்பதுதான் பாடு. 1840 மே மாதம் பிரித்தானியாவில் உலகின் முதல் தபால் முத்திரை வந்தது. கறுப்பு நிறம், விலை ஒரு பென்னி. அதன் மேல் சிவப்பு மையால் குத்தினார்கள். அந்த மையை ஆட்கள் கழுவி எடுத்துவிட்டார்கள். அடுத்த வருடமே முத்திரையைச் சிவப்பாக்கி, மையைக் கறுப்பாக்க வேண்டியதாயிற்று. நம் இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1 இல் வெளியானது. அதே வருடம் லண்டனில், முத்திரைத் திட்டத்தைக் கொண்டுவந்த ரோலண்ட் ஹில்லின் மகன் பியர்சன் ஹில், குத்தும் இயந்திரத்தைப் பரீட்சித்துப் பார்த்தார்.

சரி, இயந்திரம் வேகமாகக் குத்தும். ஆனால் கடிதங்களை ஒரே பக்கம் பார்க்க அடுக்கிக் கொடுக்க ஆள் வேண்டுமே. நீளப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்த ஓர் உறை நான்கு விதமாக நிற்கலாம்: முகம் இந்தப் பக்கம் அல்லது அந்தப் பக்கம், நேராக அல்லது தலைகீழாக. முத்திரையைக் கண்டுபிடித்தால் நான்கில் எது என்று தெரிந்துவிடும். 1957 இல் பிரித்தானியாவில் முத்திரையின் பின்புறம் பென்சிலில் இருக்கும் காரீயத்தால் கோடுகள் போட்டு, அது மின்சாரம் கடத்துவதை வைத்துத் தேடினார்கள். அப்புறம் 1959 இல் வந்தது எனக்கு மிகப் பிடித்த வழி: முத்திரையின் முகத்தில் ஒளிரும் பட்டைகள்.

புற ஊதா ஒளி பட்டால் முத்திரை மின்னும், இயந்திரம் பார்க்கும், அவ்வளவுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். வெள்ளைக் கடதாசியை இன்னும் வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பொருளும் அதே ஒளியில் நீலமாக மின்னும். கடையில் காசுத்தாள் பார்க்கும் விளக்கின் கீழ் ஒரு வெள்ளை உறையைப் பிடித்துப் பாருங்கள், முழு உறையும் பளபளக்கும். அதற்குள் முத்திரையை எப்படித் தேடுவது?

விளக்கைத் தாண்டியபின் தேட வேண்டும். ஒளியை வாங்கிய இலத்திரன் மேல்நிலைக்கு ஏறுகிறது. கடதாசியின் வெளுப்புப் பொருளில் அது ஏறிய வழியாலேயே உடனே இறங்கிவிடும். விளக்கு போன கணமே மினுக்கமும் போய்விடும். பட்டையில் பூசிய பொருளில், ஏறிய இலத்திரன் பக்கத்திலுள்ள இன்னொரு நிலைக்கு மாறிக்கொள்கிறது. அங்கிருந்து இறங்க அதன் தற்சுழற்சி, அதாவது பம்பரம் சுழலும் திசை போன்ற ஒரு பண்பு, திரும்ப வேண்டும். அது இலேசில் நடக்காது, அதனால் தாமதிக்கிறது. மாலையில் கல்லடிக் கடற்கரைக்குப் போனவர்களுக்குத் தெரியும், வெயில் இறங்கிய பிறகும் மணல் காலைச் சுடும். மணல் வெப்பத்தை வைத்திருப்பதுபோல இந்தப் பட்டை ஒளியைச் சற்று நேரம் வைத்திருக்கிறது. உறை விளக்கைக் கடந்து இருட்டறைக்குள் நுழைகிறது. அங்கே மிச்சமாக ஒளிர்வது முத்திரை மட்டும்! உணரி அதைப் பிடிக்கிறது, உறை திருப்பப்படுகிறது, குத்து விழுகிறது. விரைவுக் கடிதத்தின் முத்திரைக்கு இரண்டு பட்டை, மலிவானதற்கு ஒன்று. ஆகவே எதை முதலில் அனுப்புவது என்பதும் அதே ஒளியில் தெரிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் 1963 இலிருந்து இதே வழி. அங்கே அந்தக் காலத்தில் விமானத் தபால் முத்திரை செம்மஞ்சளாகவும் சாதாரண முத்திரை பச்சையாகவும் ஒளிர்ந்தன.

இந்தப் பின்னொளிர்வைக் கண்ணால் பார்க்கக் கடை விளக்கு பெரும்பாலும் போதாது. குறுகிய அலைநீள விளக்கு வேண்டும். அது கண்ணுக்குக் கேடு, மூடிய பெட்டிக்குள் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மட்டக்களப்பு, அம்பாறைப் பாடசாலை ஒவ்வொன்றின் ஆய்வுகூடத்திலும் அப்படி ஒரு பெட்டி இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதமான ஆசை. கட்டடத் திறப்பு விழாவுக்குச் செலவாகும் காசில் ஒரு பகுதி போதும். இலத்திரன் சக்திப்படிகளைக் கரும்பலகையில் கோடாக மட்டும் பார்க்கிற பிள்ளைக்கு, விளக்கை அணைத்தபின் ஒரு முத்திரை தானாக மினுங்குவதைக் காட்டிப் பாருங்கள்.

அதுவரைக்கும், மகள், மாமாவின் உறையை யன்னலோரம் கொண்டுபோய்க் கண்மட்டத்தில் சரித்துப் பிடி. முத்திரையின் மேல் வெளிச்சம் வழுக்கும்போது, இரு ஓரத்திலும் நெடுக்காக இரண்டு பட்டைகள் வேறு மினுக்கத்தில் தெரிகின்றனவா என்று பார். ஒன்றுதான் என்றால், மாமா ஒட்டியது மலிவுத் தபாலுக்கென்று அச்சடித்த முத்திரையாக இருக்கலாம்.