மனச்சோர்வா, மன அழுத்தமா?

‘டிப்ரெஷன்’ என்பதற்கு மன அழுத்தம், மனச்சோர்வு என்னும் இரண்டு சொற்களையும் நம் இதழ்கள் மாற்றி மாற்றி எழுதுகின்றன. ‘கீழே அழுத்து’ என்னும் பொருளுடைய இலத்தீன் வினையிலிருந்து பிறந்த சொல் என்பதால், அழுத்தமே நேரான தமிழாக்கம் போலத் தோன்றும். ஆனால் ‘ஸ்ட்ரெஸ்’ என்பதற்கும் அதையே வழங்கிவிட்டதால், வேலைப்பளுவும் நோயும் ஒரே பெயருக்குள் புகுந்துவிட்டன.

சோர்தல் பழைய வினை. கண்ணீர் சோரும், கூந்தல் சோரும். பிடியிலிருந்து நழுவுவதும் தளர்வதும் அதன் பொருள். குறள் 56 ‘சோர்விலாள் பெண்’ என்னும்போது கடமையில் தளராதவளைச் சொல்கிறது. (அந்த எதிர்பார்ப்பு இன்றும் மாறாததால், மருமகள் சோர்ந்திருந்தால் வீட்டார் அதைச் சோம்பல் என்கிறார்கள்.) இரண்டு வாரமாவது நாள்தோறும் நீடிக்கும் துயரம் அல்லது எதிலும் நாட்டமின்மை, அதனுடன் கெடும் தூக்கமும் பசியும் என மருத்துவம் குறிக்கும் நிலைக்கு மனச்சோர்வு என்பதே பொருந்தும்.

அழுத்தம் என்பதைக் காரணங்களுக்கு விட்டுவிடலாம். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் பிள்ளை பெற்ற பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 11 விழுக்காட்டினருக்குப் பேற்றுக்குப்பின் மனச்சோர்வு புதிதாக ஏற்பட்டிருந்தது. குறைந்த வருமானம், ஆண்பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண்பிள்ளை பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் ஒத்துப்போகாதது, வேலைகளில் கைகொடுக்க ஆளில்லாதது ஆகியவை அதனோடு தொடர்புடையனவாகத் தெரிந்தன. இவை யாவும் வெளியிலிருந்து வரும் அழுத்தங்கள். உள்ளே நிகழ்வதுதான் சோர்வு.

உலக அளவில் ஆண்களைவிடப் பெண்களிடம் இந்நோய் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு காணப்படுகிறது. எனினும் இந்தியாவில் தற்கொலையால் இறப்போரில் ஆண்களே மிகுதி. மனத்தில் உள்ளதை வெளியே விடாதவனை நம் பேச்சில் ‘அழுத்தக்காரன்’ என்கிறோம். அது பாதி பாராட்டாகவும் ஒலிக்கிறது. ஆம்பூரிலோ இராணிப்பேட்டையிலோ தோல் தொழிற்சாலை வேலையை இழந்து, வட்டிக் கடனில் சிக்கிய ஒருவரிடம் அழுகையைவிட எரிச்சலும் குடியுமே முதலில் தென்படலாம். குடியோ சோர்வை மேலும் ஆழமாக்கும்.

பேச்சில் மனச்சோர்வு என்ற சொல்லை எடுப்பவர் குறைவு. ‘மனசு சரியில்ல’, ‘நெஞ்சு பாரமா இருக்குது’, ‘உடம்பெல்லாம் அசதி’ என்பார்கள். இவையும் அந்நோயின் பெயர்களாக இருக்கலாம் என்று கொண்டு, சொல்பவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லலாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசவும் வழியுண்டு.