கன்னர் என்றால் துப்பாக்கிதாரி அல்ல

சோவியத் பீரங்கிப் படையில் போரிட்டு உயரிய விருது வாங்கிய ஒருவரைப் பற்றித் தமிழில் எழுதும்போது, ஆங்கிலத்தில் 'கன்னர்' என்று இருப்பதை அப்படியே 'துப்பாக்கிதாரி' ஆக்கிவிடுகிறார்கள். 'சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் பெற்ற துப்பாக்கிதாரி' என்ற வரியை இதற்குள் பலமுறை படித்தாயிற்று. நம் செய்திகளில் துப்பாக்கிதாரி என்பவன் யார்? வங்கிக்குள் புகுந்து மிரட்டுபவன், பள்ளியில் நுழைந்து பிள்ளைகளைச் சுடுபவன், ஆளைக் கொன்றுவிட்டு மோட்டார் சைக்கிளில் தப்பியோடுபவன். அந்தச் சொல்லை டாங்கியை எதிர்த்து பீரங்கியோடு நின்ற ஒரு படைவீரருக்குச் சூட்டுவது தவறு மட்டுமல்ல, அவமதிப்பும்கூட.

முதலில் சொல்லின் கதை. ஆங்கிலத்தில் 'கன்' என்ற சொல் பெரிய போர்க்கருவியைக் குறித்தே தொடங்கியது. 1330 அளவில் விண்ட்சர் கோட்டையின் கருவிப் பட்டியலில் 'டோமினா குனில்டா' என்று ஒரு பெரிய எறிபொறிக்குப் பெயர் இருக்கிறது, அந்தப் பெண்பெயரிலிருந்துதான் 'கன்' வந்தது என்பது பெரும்பாலான அகராதிகளின் கருத்து. ராணுவ வழக்கில் இன்றும் 'கன்' என்றால் பீரங்கி, தோளில் மாட்டுவது ரைபிள். இந்தியத் தரைப்படையிலும் பீரங்கிப் பிரிவின் சிப்பாய்க்குக் கன்னர் என்றுதான் பெயர். தமிழில் 'துப்பாக்கி' துருக்கிய மூலத்திலிருந்து வந்தது, 'பீரங்கி' ஐரோப்பியரைக் குறித்த ஃபிரங்கியிலிருந்து, அதாவது பரங்கிக்காயிலும் பரங்கிப்பேட்டையிலும் இருக்கும் அதே பரங்கியிலிருந்து. இரண்டுமே வந்த சொற்கள்தான், ஆனால் நம்மிடம் வந்தபின் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. கைக்கு அடங்குவது துப்பாக்கி, சக்கரத்தில் உருள்வது பீரங்கி. இவ்வளவு தெளிவான பிரிவு கையில் இருக்கும்போது அதை ஏன் குழப்ப வேண்டும்?

சரி, துப்பாக்கியை விட்டுவிட்டு 'பீரங்கி வீரர்' என்று போட்டால் போதுமா என்றால், பாதிதான் போதும். ரஷ்ய மூலத்தில் பெரும்பாலும் இருக்கும் சொல் 'நவோத்சிக்'. 'நவதீத்' என்ற வினைக்கு ஒன்றின்மேல் கொண்டுபோய் நிறுத்துவது, திருப்பிப் பிடிப்பது என்று பொருள். பீரங்கிக் குழாயை இலக்கின்மேல் கொண்டுபோய் நிறுத்துபவர் நவோத்சிக். பீரங்கிக் குழுவில் ஆறேழு பேர் இருப்பார்கள்: தலைவர், குறி வைப்பவர், குழாயின் பின்பக்க அடைப்பான பின்பூட்டைத் திறந்து மூடுபவர், குண்டு நிரப்புபவர், பெட்டியிலிருந்து குண்டை எடுத்துக் கொடுப்பவர்கள். இவர்கள் எல்லாரும் பீரங்கி வீரர்கள். நவோத்சிக் அவர்களில் ஒருவர் மட்டுமே.

இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை, செஞ்சேனை அதற்குச் சம்பளக் கணக்கே வைத்திருந்தது. 1942 ஜூலை 1-ஆம் தேதி டாங்கி எதிர்ப்பு பீரங்கிப் பிரிவுகளுக்கு ஸ்டாலின் ஒரு உத்தரவு பிறப்பித்தார். பிரிவின் பெயரில் 'அழிப்பு' என்ற பொருள் தரும் சொல் சேர்ந்தது, இடது சட்டைக்கையில் குறுக்காக வைத்த இரண்டு பீரங்கிக் குழாய்கள் பொறித்த சின்னம் வந்தது, சம்பளமும் உயர்ந்தது. வீழ்த்தும் ஒவ்வொரு டாங்கிக்கும் பீரங்கித் தலைவருக்கும் நவோத்சிக்குக்கும் தலா 500 ரூபிள், குழுவின் மற்றவர்களுக்குத் தலா 200 ரூபிள் என்று அந்த உத்தரவு சொன்னது. அரசே தனியாகப் பிரித்துப் பணம் கொடுத்த ஒரு பணியை நாம் 'பீரங்கி வீரர்' என்ற பொதுச்சொல்லில் கரைத்துவிட்டால் அந்த மனிதர் செய்தது என்ன என்பதே வாசகருக்குத் தெரியாமல் போகும்.

மிகயீல் பரீசொவ் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஜூலை 11, குர்ஸ்க் போர்முனையில் புரோஹரோவ்கா அருகே. அவர் அப்போது பீரங்கிப் பிரிவில் கம்யூனிஸ்ட் இளைஞர் கழக அமைப்பாளர். அவருடைய வேலை குறி வைப்பது அல்ல. பீரங்கிகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீழ்ந்தபோது அவரே பீரங்கியில் நின்று குறி பார்த்துச் சுட்டு, 7 டாங்கிகளை வீழ்த்தி, காயமடைந்தார். 1944 ஜனவரியில் சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் கிடைத்தது, பிற்காலத்தில் கவிஞராகவும் ஆனார். இதில் முக்கியமானதே அவர் குறிவைப்பவரின் இடத்துக்குப் போனது. 'துப்பாக்கிதாரி பரீசொவ்' என்று எழுதினால் அந்த நிகழ்ச்சியின் உயிரே போய்விடுகிறது, 'பீரங்கி வீரர்' என்றால் அவர் முன்பும் பின்பும் ஒரே வேலையில் இருந்ததுபோல் ஆகிவிடுகிறது.

இதற்கு நான் சொல்வது 'குறிவைப்பாளர்'. முழுதாக வேண்டுமென்றால் பீரங்கிக் குறிவைப்பாளர். குறி வைத்தல், குறி பார்த்தல், குறி தப்புதல் எல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த தமிழ், புதிதாக விளக்க ஒன்றுமில்லை. டாங்கியைக் கண்ணால் பார்த்து நேரே சுடுவதை ரஷ்ய மொழியில் அதே வேரிலிருந்து 'ப்ரிமாயா நவோத்கா' என்பார்கள், அதை 'நேர்க்குறி' என்று சொல்லிவிடலாம். ஒரு சொல் சரியாக அமைந்தால் அதன் குடும்பமே கூட வரும்.

இதற்குப் போட்டியாகச் சிலர் முன்வைப்பது 'சுடுநர்'. சுருக்கம், தூய தமிழ், ஓட்டுநர் நடத்துநர் போல இலக்கணமும் சரி என்கிறார்கள். தூய்மையில் எனக்கும் அக்கறை உண்டு, ஆனால் பொருள் தவறிய தூய சொல்லால் யாருக்கு என்ன பயன்? சுடுவது வேறு, குறி வைப்பது வேறு. 45 மில்லிமீட்டர் டாங்கி எதிர்ப்பு பீரங்கியில் குறி வைப்பவரே சுடவும் செய்தார் என்பது உண்மைதான். ஆனால் எம்-30 போன்ற 122 மில்லிமீட்டர் ஹோவிட்சரில், அதாவது குண்டை உயரே வளைத்து எறியும் பீரங்கியில், கயிற்றை இழுத்துச் சுடுபவர் பின்பூட்டைக் கவனிப்பவர், குறி வைத்தவர் அல்ல. அப்படியானால் சுடுநர் யார்? இன்னொன்று, தொலைவிலிருந்து மறைவாகச் சுடும்போது குறி வைப்பவருக்கு எதிரியே தெரிய மாட்டான். முன்னே கண்காணிப்பு இடத்தில் இருக்கும் அதிகாரி எண்களைச் சொல்வார், சோவியத் முறையில் ஒரு முழு வட்டம் 6,000 பிரிவு, அந்த எண்ணைக் கருவியில் வைத்து, தூரத்தில் தெரியும் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ பார்த்துக் குழாயை நிலைநிறுத்த வேண்டும். அந்த வேலையின் நுட்பம் முழுக்க அதில்தான் இருக்கிறது. 'சுடுநர்' அதைத் தொடவே இல்லை, அதோடு விளையாட்டுப் போட்டியில் ரைபிள் சுடுபவருக்கும் அது பொருந்தும், மறுபடி துப்பாக்கிக்கே திரும்பிவிடுகிறோம்.

'குறி' என்றால் குறி சொல்பவர் ஞாபகம் வரும், வேறு கொச்சைப் பொருளும் உண்டு என்று ஓர் ஆட்சேபம். வரட்டுமே. ரஷ்ய மொழியில் திருடர்களுக்கு எந்த வீட்டில் புகலாம் என்று துப்புக் கொடுப்பவனுக்கும் 'நவோத்சிக்' என்றுதான் பெயர். அதற்காக அவர்கள் ராணுவத்தில் அந்தச் சொல்லைக் கைவிடவில்லை. இடம் பார்த்துப் பொருள் கொள்ளும் புத்தி எல்லா மொழிக்காரருக்கும் உண்டு. 'கன்னர்' என்றே விட்டுவிடலாம் என்பவர்களிடம் எனக்குக் கோபமில்லை, தவறான தமிழைவிட அது மேல். ஆனால் ரஷ்யாவைப் பற்றிய கட்டுரையில் ஆங்கிலச் சொல்லை ஏன் நடுவில் நிறுத்த வேண்டும் என்பதற்கு அவர்களிடம் பதில் இல்லை.

அப்புறம், பிரச்சினை இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. ஆங்கிலத்தை இயந்திரத்தில் போட்டு எடுத்ததைப் படித்துப் பார்க்காமலே வெளியிடும் வழக்கம் வந்தபின், பீரங்கி அணியாகிய 'பேட்டரி' மின்கலம் ஆகிறது, அதன் தலைவர் மின்கலத் தளபதி ஆகிறார். விருதைக் குறிக்கும் 'ஆர்டர்' ஆணை ஆகிறது. 'கார்ட்ஸ்' என்பது 1941 செப்டம்பரில், யெல்னியா சண்டைக்குப் பின் நான்கு டிவிஷன்களுக்கு முதலில் தரப்பட்ட சிறப்புப் பெயர், அதைக் காவலாளி என்று எழுதுகிறார்கள். விருது பெற்றவரைச் சொல்லும் 'கவலேர்' குதிரைவீரர் ஆகிவிடுகிறது. ஒரு காலத்தில் மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்துக்காக ரஷ்ய மொழியிலிருந்தே நேரடியாகத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்து யோசித்து எழுதினார்கள். இன்று கருவி கூடியிருக்கிறது, யோசிப்பது குறைந்திருக்கிறது.

குண்டு விஷயத்தில் ஈழத்து வழக்கு நம்மைவிடத் தெளிவு என்பதையும் சொல்ல வேண்டும். பீரங்கியிலிருந்து வருவதை அவர்கள் 'எறிகணை' என்கிறார்கள். தமிழ்நாட்டில் துப்பாக்கி ரவையும் குண்டு, பீரங்கியிலிருந்து வருவதும் குண்டு, விமானத்திலிருந்து விழுவதும் குண்டு. எறிகணையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் 'கன்னர்' என்று பார்த்தவுடன் குறிவைப்பாளர் என்றும் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடக் கூடாது. நிகலாய் குஸ்நெத்சொவ் என்பவர் இருந்தார். சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டத்தையும், மூன்று படிகள் கொண்ட புகழ் விருதை முழுமையாகவும் பெற்றவர்கள் மொத்தமே நான்கு பேர், அவர்களில் இவரும் ஒருவர். மற்ற மூவரில் அல்யோஷினும் பீரங்கிப் படையைச் சேர்ந்தவர், திராச்சென்கோ விமானி, துபீந்தா காலாட்படை. 1945 ஏப்ரலில் வீரர் பட்டம் கிடைத்தபோது குஸ்நெத்சொவ் வகித்த பொறுப்பு ரஷ்ய மொழியில் 'கமந்தீர் அரூதியா', பீரங்கித் தலைவர். ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுபவர்கள் இப்படிப்பட்டவரையும் கன்னர் என்றே போட்டுவிடுவார்கள். மூலத்தில் நவோத்சிக் என்றிருந்தால் குறிவைப்பாளர், கமந்தீர் அரூதியா என்றிருந்தால் பீரங்கித் தலைவர், எது என்று தெரியவில்லை என்றால் பீரங்கி வீரர். துப்பாக்கிதாரி இந்த மூன்றில் எதற்கும் பொருந்தாது.