சுவிட்சுக்கு ஐபி மாற்றப் போகிறீர்களா?

மேனேஜ்டு சுவிட்ச் (கணினிகளை இணைக்கும், உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றக்கூடிய கருவி) பெட்டியிலிருந்து எடுத்ததுமே வேலை செய்யும், சிக்கலே அதுதான். கேபிளைச் செருகினால் விளக்கு எரிகிறது, கணினிகள் ஒன்றோடொன்று பேசுகின்றன, சரி முடிந்தது என்று ரேக்கில் ஏற்றிவிட்டுப் போய்விடுகிறோம். ஆறு மாதம் கழித்து ஒரு போர்ட்டை முடக்க வேண்டி வரும்போதுதான் அதன் ஐபி என்ன, பாஸ்வேர்டு என்ன என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம்.

ஃபிரேம்களை, அதாவது தரவுத் துண்டுகளை, கடத்த சுவிட்சுக்கு மேக் முகவரி (ஒவ்வொரு நெட்வொர்க் கருவிக்கும் உள்ள வன்பொருள் எண்) போதும். ஐபி என்பது நாம் உள்ளே நுழைவதற்கான வாசல் மட்டும்தான். அதனால் அதில் தப்பு இருந்தாலும் நெட்வொர்க் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது.

நானே இதில் சிக்கியிருக்கிறேன். ஐபி கொடுத்தேன், மாஸ்க் (எந்த முகவரிகள் தன் சப்நெட்டில், அதாவது தன் உள்வட்டத்தில், இருக்கின்றன என்று சொல்லும் எண்) கொடுத்தேன், பக்கத்திலேயே லேப்டாப்பைச் செருகி, பதில் வருகிறதா என்று பிங் அடித்தேன், வந்தது. என் இருக்கைக்கு வந்து பார்த்தால் பதிலே இல்லை. ஒரு மணி நேரம் ஃபயர்வாலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் டீஃபால்ட் கேட்வே (வேறு சப்நெட்டுக்குப் போகும் வழி) 0.0.0.0, அதாவது கொடுக்கவே இல்லை. என் இருக்கை வேறு சப்நெட். நான் அனுப்பிய பிங் சுவிட்சுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது, பதிலை எந்த வழியாக அனுப்புவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை. மாஸ்க்கும் இதே மாதிரி ஏமாற்றும். 255.255.255.0 போட வேண்டிய இடத்தில் 255.255.0.0 போட்டால், 192.168.20-இல் இருக்கும் உங்கள் கணினியை 192.168.10-இல் இருக்கும் சுவிட்ச் தன் பக்கத்து வீடு என்று நினைத்து ஆர்ப்பில் (ஒரு ஐபியின் மேக் முகவரியைக் கேட்கும் அழைப்பு) கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ரவுட்டரில் பிராக்ஸி ஆர்ப் (அந்த அழைப்புக்கு ரவுட்டரே பதில் சொல்வது) இருந்தால் தற்செயலாக வேலையும் செய்துவிடும், அது இன்னும் மோசம்.

தொலைவிலிருந்து ஐபியை மாற்றினால், என்டர் தட்டிய அந்த நொடியே திரை உறைந்துவிடும். பயப்பட வேண்டாம், சுவிட்ச் புது முகவரிக்குப் போய்விட்டது, அவ்வளவுதான். ஆனால் மேனேஜ்மென்ட் விலேனை (சுவிட்சுக்குள் நுழையப் பயன்படும் மெய்நிகர் நெட்வொர்க்) தப்பாக மாற்றியிருந்தால், சுவிட்சில் நேரடியாகச் செருகும் கன்சோல் கேபிளோடு நேரில்தான் போக வேண்டும் (பல சுவிட்சுகளில் வேகம் 9600, சிலவற்றில் 115200). அதனால் சிஸ்கோ என்றால் நான் முதலில் இருக்கிற அமைப்பைச் சேமித்துவிட்டு 'ரீலோட் இன் 10' கொடுத்துவிடுவேன். மாற்றியது சொதப்பினால் பத்து நிமிடத்தில் அது தானாக ரீபூட் ஆகிப் பழையபடி வந்துவிடும், அந்த நேரம் எல்லாப் போர்ட்டும் போகும் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் ரீலோடை ரத்து செய்துவிட்டு சேமிக்கலாம். இந்தச் சேமிப்பைத்தான் பலர் மறக்கிறார்கள். பல சுவிட்சுகளின் வெப் பக்கத்தில் அப்ளை வேறு, சேவ் வேறு. அப்ளையோடு விட்டால் அடுத்த முறை கரண்ட் போய் வரும்போது எல்லாம் காலி.

அப்புறம் தொலைவிலிருந்து நுழைய, பாஸ்வேர்டைக்கூட மறைக்காமல் அனுப்பும் டெல்நெட்டை மூடிவிட்டு, எல்லாவற்றையும் மறையாக்கி அனுப்பும் எஸ்எஸ்எச் மட்டும் வையுங்கள். நேரத்தை என்டிபி (நெட்வொர்க் மூலம் கடிகாரத்தைச் சரிசெய்யும் முறை) வழியாகக் கொடுங்கள், இல்லையென்றால் சில சிஸ்கோ சுவிட்சுகளின் லாக்கில் 1993 மார்ச் என்று நிற்கும்.

ஐபியை எழுதி சுவிட்சின் மேலேயே ஒட்டிவிடுங்கள். ஐபியை மட்டும். பாஸ்வேர்டையும் சேர்த்து ஒட்டியிருந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட ரேக்கில் பார்த்துவிட்டேன்.