பாதியில் நிறுத்தியவனை நாம் எப்படிப் பார்க்கிறோம்?

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் நடக்கும் குத்துச்சண்டை, கிக் பொக்சிங், கராத்தே போட்டிகளில் வைத்தியராக மேடையோரம் அமர்ந்து வருபவன் என்ற முறையில், அடிபட்டுத் தோற்ற பையனைவிட, போட்டி நடுவே கையை உயர்த்திப் ‘போதும்’ என்று சொன்ன பையனைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். தோற்றவனை முதுகில் தட்டி, அடுத்த முறை பார்க்கலாம் என்று அழைத்துப் போகிறார்கள். ‘போதும்’ என்றவனுக்கு அந்த ஆறுதல் கிடைப்பதில்லை. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் மேடையிலிருந்து இறங்குவதற்குள் வந்துவிடுகிறது. போட்டியை நிறுத்தியதற்கு உடலில் ஏதாவது காரணம் இருக்குமோ என்று பரிசோதிப்பதற்கு முன்பே அவனுடைய மனத்துணிவைப் பற்றிய தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தத் தீர்ப்பு கண்ணால் கண்டதை மட்டும் நம்பி எழுதப்படுவது. கல்லீரல் இருக்கும் இடத்தில், அதாவது வலது விலாவின் கீழ்ப்பகுதியில், சரியான கோணத்தில் இறங்கும் குத்தை எடுத்துக்கொள்வோம். அடிபட்டவன் அநேகமாக உடனே விழமாட்டான். ஒரு நொடி நின்றபடியே இருப்பான், சில வேளை ஓர் அடி முன்னே கூட வைப்பான், அதன் பிறகே இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, மூச்சு அடைபட்டுக் கால்கள் மடங்கும். அறிவு தெளிவாகவே இருக்கும். முகத்தில் ஒரு கீறலும் இராது. எழுந்திருக்க வேண்டும் என்று அவன் நினைக்கிறான், உடல் கேட்பதில்லை. கீழே நாற்காலியில் இருப்பவருக்கோ, நல்ல நிலையில் இருந்த ஒருவன் காரணமின்றி மண்டியிட்டதாகத்தான் தெரிகிறது.

இதைவிட ஏமாற்றுவது கண்குழி எலும்பு முறிவு. சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் கண்குழியின் தளத்து எலும்பு வளைந்துகொடுக்கும் தன்மையுடையது. அடி விழும்போது அது கீழ்நோக்கித் திறந்து, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொண்டு மீண்டும் மூடிவிடக்கூடும். வெளியே வீக்கம் சொற்பம், வெண்விழி வெள்ளையாகவே இருக்கும். ஆனால் மேலே பார்த்தால் ஒன்று இரண்டாகத் தெரியும், குமட்டும், நாடித்துடிப்பு குறைந்து தலை சுற்றும். கல்முனைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பையன் இரண்டாம் சுற்றில் தானாகவே நிறுத்திக்கொண்டு இறங்கி, வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். “வயிறு நிறையத் திண்டுபோட்டு ஏறினா சத்தி வரும்தானே டொக்டர்” என்று அவனுடைய மாமா எனக்கு விளக்கம் சொன்னார். தலையை அசைக்காமல் என் விரலைப் பார்க்கச் சொல்லி விரலை மேலே கொண்டுபோனபோது, ஒரு கண் மேலே போனது, மற்றக் கண் பாதி வழியில் நின்றுவிட்டது. இத்தகைய முறிவில் ஓரிரு நாட்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் சிக்கிய தசை நிரந்தரமாகக் கெடலாம் என்பதால், அன்றைக்கே அவனைக் கண் சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்பினோம். அவன் மூன்றாம் சுற்றுக்கும் நின்றிருந்தால் வீரன் என்று கைதட்டியிருப்பார்கள்.

இந்த ஏளனம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2020 நவம்பரில் இலண்டனில் ஜோ ஜொய்ஸுடன் மோதிய குத்துச்சண்டை வீரர் டானியல் டுபுவா, பத்தாவது சுற்றில் இடது கண்ணில் குத்துப்பட்டு மண்டியிட்டார். மத்தியஸ்தர் பத்து வரை எண்ணி முடிக்கும்வரை எழவில்லை. அவர் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று முன்னாள் குத்துச்சண்டை வீரர்கள் சிலரே வெளிப்படையாகப் பேசினார்கள். கண்குழி எலும்பு முறிந்திருந்தது பிறகு தெரியவந்தது. அதே டுபுவா 2024 செப்டெம்பரில் வெம்ப்ளி அரங்கில் அந்தனி ஜோஷுவாவை ஐந்தாம் சுற்றில் வீழ்த்தினார். பின்னாளில் வென்றதால்தான் அன்று செய்தது சரியாகிவிட்டது என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. அவர் அதன் பிறகு ஒரு போட்டியிலும் வெல்லாமல் போயிருந்தாலும் முறிந்த எலும்பு முறிந்ததுதான்.

காயமே இல்லாமல் நிறுத்துபவர்கள் இல்லையா என்று பயிற்றுநர்கள் கேட்பார்கள். இருக்கிறார்கள். 1980 நவம்பர் 25 அன்று நியூ ஒர்லியன்ஸில், சுகர் ரே லெனார்டுக்கு எதிரான போட்டியின் எட்டாவது சுற்றில் ரொபேர்ட்டோ டுரான் திரும்பிக் கையை அசைத்துவிட்டு நிறுத்தினார். வயிற்றுப் பிடிப்பு என்று பிறகு காரணம் சொன்னார்; நம்பியவர்கள் குறைவு. 1983இலும் 1989இலும் அவர் மீண்டும் உலகப் பட்டம் வென்றபோதும் அந்த ஒரு மாலைப்பொழுதைப் பற்றிய கேள்வி அவரை விடவில்லை. ஆனால் எந்தப் பையன் டுரான், எந்தப் பையன் டுபுவா என்பதை மேடையோரத்தில் வைத்து எவராலும் பிரித்தறிய முடியாது, வைத்தியரான என்னாலும் முடியாது. ஆகவே நிறுத்தியவன் ஒவ்வொருவனையும் காயப்பட்டவனாகக் கொண்டே நான் பரிசோதிக்கிறேன்.

நிறுத்த மறுத்தவர்களின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2019 ஜூலை 19 அன்று அமெரிக்காவில் மோதிய ரஷ்ய வீரர் மக்சிம் டடாஷேவிடம், பதினோராவது சுற்று முடிந்ததும் பயிற்றுநர் படி மெக்கேர்ட், நிறுத்திவிடுகிறேன் என்று மன்றாடினார். டடாஷேவ் தலையசைத்து மறுத்தார். மெக்கேர்ட் அவருடைய மறுப்பை ஏற்காமல் போட்டியை நிறுத்தினார். மூளையைச் சுற்றி இரத்தம் கசிந்திருந்த டடாஷேவ் நான்கு நாட்களில் இறந்தார், வயது 28. தலையில் தொடர்ந்து அடி விழும்போது நிலைமையைச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டிய உறுப்பே பாதிக்கப்படுகிறது என்பதால்தான், நிறுத்தும் அதிகாரம் மத்தியஸ்தருக்கும், துவாயை மேடைக்குள் எறிந்து போட்டியை நிறுத்தக்கூடிய பயிற்றுநருக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டிருக்கிறது. பதினாறு வயதுப் பையனிடம் ‘இன்னும் ஏலுமா’ என்று கேட்டு, அவன் ‘ஏலும்’ என்றதும் பொறுப்பு தீர்ந்துவிட்டதாக எண்ணும் பயிற்றுநர்களை நான் அடிக்கடி காண்கிறேன். ஊர்க்காரர் சுற்றி நிற்கும்போது அவன் வேறு என்ன சொல்வான்?

ஜூடோவில் நிலைமை வேறு. பிடி இறுகியதும் பாயையோ எதிராளியின் உடலையோ இரண்டு முறை தட்டினால் போட்டி முடிந்தது. தட்டியவனை யாரும் கோழை என்பதில்லை, தட்டத் தெரியாதவனைத்தான் பயிற்றுநர் திட்டுவார். குத்துச்சண்டைக்கு வந்ததும் அதே முடிவு அவமானமாகிவிடுகிறது.

அவமானத்தின் மருத்துவ விளைவு, பிள்ளைகள் அறிகுறிகளை மறைக்கக் கற்றுக்கொள்வதுதான். மூளை அதிர்ச்சி அடைந்தவர்களில் பெரும்பாலானோர் மயங்கி விழுவதே இல்லை. தலையிடி, வெளிச்சம் கூசுதல், சொன்னதையே திரும்பச் சொல்லுதல் என்றுதான் அது வெளிப்படும், அவற்றையெல்லாம் வாய் திறக்காமல் மறைத்துவிடலாம். முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இன்னொரு அடி விழுந்தால், அரிதாக என்றாலும், இளவயதினருக்கு மூளை வீங்கி உயிராபத்து நேரலாம். நிறுத்திய காட்சியைக் கைப்பேசியில் பிடித்துச் சிரிப்புப் படங்களுடன் வட்ஸ்அப் குழுக்களில் அனுப்புவோர், அடுத்த வாரமே பயிற்சிக்கு வந்து தன்னை நிரூபிக்க வேண்டிய நெருக்கடியை அந்தப் பையனுக்கு உண்டாக்குகிறார்கள். நான் பார்த்த சில பதிவேடுகளில் ‘விலகினார்’ என்று மட்டும் எழுதி முடித்திருந்தார்கள். தலையில் அடிபட்டு நிறுத்தப்பட்ட அமெச்சூர் வீரருக்குக் குறைந்தது 30 நாள் தடை விதிப்பது சர்வதேச குத்துச்சண்டை வழக்கம். காரணம் எழுதப்படாதவனுக்கு அந்தப் பாதுகாப்பும் கிடைக்காது.

பெற்றோரிடம் நான் கேட்பது, பையன் இறங்கி வந்ததும் ‘ஏன் விட்டாய்’ என்பதற்குப் பதிலாக ‘எங்கே நோகுது, கண் தெளிவாத் தெரியுதா’ என்று கேட்கும்படிதான். அன்றைய தினம் அவன் மீண்டும் மோதக் கூடாது, தனியே விடவும் கூடாது, மோட்டார் சைக்கிளும் ஓட்டக் கூடாது. கண்ணைச் சுற்றி அடிபட்டிருந்தால், மூக்கில் இரத்தம் வந்தாலும் மூக்கைச் சீற விடாதீர்கள். முறிவு இருந்தால் காற்று கண்குழிக்குள் ஏறிவிடும். தலையிடி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்புவதற்குக் கடினமாக இருந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பொத்துவிலிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல் என்பதால், தூரத்து ஊர்க்காரர்கள் முதலில் அருகிலுள்ள ஆதார வைத்தியசாலைக்குப் போவதே நல்லது. அங்கே எத்தனை மணிக்கு அடிபட்டது, அதன் பிறகு எத்தனை சுற்று நின்றான், நிறுத்தும்போது என்ன சொன்னான் என்பதையெல்லாம் பயிற்றுநர் நேரில் வந்து சொல்ல வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் அந்தப் போட்டியைப் பார்த்திருக்கமாட்டார்.