எடை ஏன் நின்றது? லோ-கார்ப் தேக்கத்தின் கணக்கு

"பேலியோ தொடங்கி மூன்று மாதத்தில் 9 கிலோ இறங்கியது. ஐந்து வாரமாக அதே எடை. சோறு, சப்பாத்தி, சர்க்கரை எதையும் தொடவில்லை. என் மெட்டபாலிசம் கெட்டுவிட்டதா?"

பேலியோ போன்ற, மாவுச்சத்தைக் குறைத்த லோ-கார்ப் உணவில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உடல் கலோரியை எரிக்கும் மெட்டபாலிசம் அப்படிக் கெட்டுப்போவதில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் நடத்திய பட்டினிச் சோதனையில் 36 ஆண்கள் ஆறு மாதம் அரைவயிற்று உணவில் இருந்தார்கள். அவர்களின் உடல் எரிக்கும் கலோரி வெகுவாகக் குறைந்தது, ஆனாலும் எடை இறங்கியபடியே இருந்து, ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு போயிற்று. 'பட்டினி நிலைக்குப் போனதால் உடல் கொழுப்பை விட மறுக்கிறது' என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு தேவையில்லை. ஆனால் எடை நின்றதற்கு ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. சமையலறைத் தராசும் ஒரு நோட்டும் இருந்தால் பெரும்பாலும் அதை வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் தண்ணீரைக் கழித்துவிடுவோம். கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் மாவுச்சத்து கிளைக்கோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். மாவுச்சத்தைக் குறைத்ததும் இந்த இருப்பின் பெரும்பகுதி காலியாகிறது. இன்சுலின் தாழ்வதால் சிறுநீரகமும் கூடுதலாக உப்பையும் அதோடு நீரையும் வெளியேற்றுகிறது. முதல் பத்து நாளில் சட்டென்று இறங்கும் இரண்டு கிலோவில் பெரும்பகுதி இதுதான். அந்த வேகத்தையே தொடர்ந்து எதிர்பார்த்தால் பிறகு வரும் எல்லாமே தேக்கமாகத்தான் தெரியும். அதே தண்ணீர் திரும்பியும் வரும். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால் மறுநாள் காலை ஒன்றரை கிலோ ஏறியிருக்கலாம். மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், புதிதாகத் தொடங்கிய உடற்பயிற்சி, ஊறுகாய், மலச்சிக்கல் என எல்லாமே எடையை அரை கிலோ, ஒரு கிலோ ஆட்டக்கூடியவை. வாரம் 300 கிராம் கொழுப்பு கரைந்துகொண்டிருந்தாலும், உடலில் தேங்கிய ஒரு கிலோ நீர் அதை மூன்று வாரம் மறைத்துவிடும்.

ஆகவே தினமும் காலையில் கழிவறை போய்வந்த பிறகு, எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள். ஏழு நாள் சராசரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் இந்த மாதச் சுழற்சியின் ஒரு வாரத்தைப் போன மாதச் சுழற்சியின் அதே வாரத்தோடு ஒப்பிட வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பை வைத்து இடுப்பையும் அளந்து எழுதுங்கள். நான்கு வாரச் சராசரியும் இடுப்பளவும் அசையாமல் நின்றால்தான் அது உண்மையான தேக்கம்.

அப்படி நின்றிருந்தால், உடலுக்குள் போகும் கலோரியும் செலவாகும் கலோரியும் சமமாகிவிட்டன என்று பொருள். எப்படிச் சமமாயின என்பதற்கு மிக அழகான விடை ஒரு சர்க்கரை நோய் மாத்திரையின் ஆய்விலிருந்து கிடைத்தது.

கனாகிளிஃப்ளோசின் என்ற மருந்து, சிறுநீரகம் வடிகட்டிய குளுக்கோஸைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ள விடாமல் தடுக்கிறது. தினமும் சுமார் 90 கிராம் குளுக்கோஸ், அதாவது 360 கலோரி, சிறுநீரோடு போய்விடுகிறது. சாப்பிட்டவருக்கு இந்த இழப்பு தெரியவே தெரியாது. டயட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பும் இல்லை, வைராக்கியமும் இல்லை. உடல் இதற்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று பார்த்தால், மனத்தின் தலையீடு இல்லாத பசியை அளந்துவிடலாம் அல்லவா? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த கெவின் ஹாலும் சக ஆய்வாளர்களும் இதைச் செய்து 2016இல் வெளியிட்டார்கள். என்ன சாப்பிட்டீர்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை. ஓர் ஆண்டு எடை மாற்றத்தை வைத்துக்கொண்டு, உள்ளே போன கலோரியைக் கணிதத்தால் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள்.

கிடைத்த எண்கள் இவை. இழக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் தினசரிச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது. அதே ஒரு கிலோவுக்குப் பசி நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது. எரிப்பு மந்தமாவதைப் போல மூன்று நான்கு மடங்கு வலிமையோடு பசி நம்மைப் பின்னால் இழுக்கிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான உணவிலிருந்து ஒருவர் தினமும் 800 கலோரி குறைக்கிறார். எரிப்பு மட்டும் கிலோவுக்கு 25 கலோரி குறைவதாக இருந்தால், 32 கிலோ இறங்கிய பிறகுதான் வரவும் செலவும் சமமாகும். கிலோவுக்கு 100 கலோரிப் பசியையும் சேர்த்தால் வகுக்க வேண்டிய எண் 125. 800ஐ 125ஆல் வகுத்தால் 6.4. அதே உறுதியோடு இருந்தும் ஆறரை கிலோவிலேயே எடை நின்றுவிடும். மருந்து எடுத்தவர்களுக்கும் இப்படித்தான் நடந்தது. எரிப்பை மட்டும் பார்த்தால் 14 கிலோ இறங்கியிருக்க வேண்டியவர்கள் நான்கு கிலோ அளவிலேயே நின்றார்கள். ஐந்து, ஆறு மாதத்தில் எல்லா வகை டயட்டும் ஏன் தடுமாறுகிறது என்பதை இந்த ஒரு வகுத்தல் எனக்கு வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது. (இவ்வகை மாத்திரைகளை, நம் ஊரில் பரவலாக எழுதப்படும் டாபாகிளிஃப்ளோசின் உட்பட, லோ-கார்ப் உணவோடு சேர்ப்பது ஆபத்து. ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் கீட்டோஅசிடோசிஸ் வரலாம். இரண்டும் சேரும் நிலை இருந்தால் மருத்துவரிடம் சொல்லியே ஆக வேண்டும்.)

கூடுதல் புரதமும், கொழுப்பு எரியும்போது உருவாகும் கீட்டோன்களும் பசியை ஓரளவு அடக்குவதால் லோ-கார்ப்பின் தொடக்கம் எளிதாக இருக்கிறது. பிறகு பசி தன் வேலையைக் காட்டும். சோற்றுப் பக்கம் போக வழியில்லாததால், அனுமதிக்கப்பட்ட நெய், வெண்ணெய், பாதாம், பனீர் பக்கம் போகும். "எதையும் தொடவில்லை" என்பவர் பொய் சொல்லவில்லை. 1992இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்று சொன்ன 10 பேரை, உடல் எரிக்கும் கலோரியைக் கணிக்க உதவும் ஐசோடோப்பு கலந்த நீர் குடிக்கவைத்து அளந்தார்கள். அவர்களின் எரிப்பு இயல்பாகவே இருந்தது. உண்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். ஏமாற்றும் எண்ணம் அதில் இல்லை. கண்ணால் கலோரியை அளக்க யாராலும் முடியாது.

அதனால் ஏழு நாள், ஞாயிறும் சேர்த்து, எல்லாவற்றையும் சமைக்கும் முன் கிராமில் நிறுத்து எழுதுங்கள். பேலியோ காலை உணவான 100 பாதாம் சுமார் 120 கிராம் இருக்கும், அதுவே 700 கலோரி. நெய்யில் வறுத்தால் மேசைக்கரண்டிக்கு இன்னும் 125. பட்டர் டீயில் போடும் 30 கிராம் வெண்ணெய் 215 கலோரி, அதில் புரதம் கிட்டத்தட்ட இல்லை. தேங்காய் 100 கிராம் 350. தாளிப்பு எண்ணெயை நிறுப்பது சிரமம் என்றால் பாட்டிலைத் திங்கட்கிழமை நிறுத்து, அடுத்த திங்கட்கிழமை மறுபடி நிறுங்கள். வித்தியாசத்தைச் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையாலும் ஏழாலும் வகுத்தால் ஓர் ஆளின் தினசரி எண்ணெய் கிடைக்கும். ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஆறு நாள் 350 கலோரி வீதம் குறைத்தது ஒரு ஞாயிறு பிரியாணியிலும் இனிப்பிலும் சரியாகிவிடுவதும் இந்த நோட்டில்தான் பிடிபடும்.

ஒளிந்திருக்கும் மாவுச்சத்தும் உண்டு: ஹோட்டல் கிரேவியில் அரைத்துவிடும் முந்திரி, மைதாவில் செய்த 'சுகர் ஃப்ரீ' பிஸ்கட், நாட்டுச் சர்க்கரை, தேன். கருப்பட்டி போட்டால் பரவாயில்லை என்பது வெறும் நம்பிக்கை, அதுவும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான். "கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியை நம்பி தினமும் சுண்டல் சாப்பிடுகிறவர்கள், கொள்ளில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 57 கிராம் மாவுச்சத்து இருப்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல பயறுதான், ஆனால் எந்தக் கொழுப்பையும் அது கரைப்பதில்லை. கொழுப்பைக் கரைக்கும் கஷாயம் என்று விற்கும் பொடிகளுக்குச் செலவாகும் பணத்தில் ஒரு நல்ல தராசு வாங்கிவிடலாம்.

கீட்டோனைச் சோதிக்கும் பட்டையின் நிறமும் உதவாது. சிறுநீர்ப் பட்டை அசிட்டோஅசிடேட் என்ற ஒரு வகைக் கீட்டோனை மட்டுமே காட்டும், பழகப் பழக அது மங்கிவிடும். ரத்தக் கீட்டோன் உயர்ந்தாலும், எரிவது இடுப்புக் கொழுப்பா, காலையில் குடித்த வெண்ணெயா என்று அதற்குத் தெரியாது.

அளந்து முடித்ததும் முதலில் குறைக்க வேண்டியது சேர்க்கும் கொழுப்பு, புரதமல்ல. 100 பாதாமுக்குப் பதில் 50 பாதாமும் இரண்டு முட்டையும் எடுத்தால் புரதம் அதே 25 கிராம், கலோரி 200 குறைவு. இரண்டு பட்டர் டீயை நிறுத்தினால் இன்னும் 430. உயரத்துக்கேற்ற எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் புரதம் இருந்தால் பசி அடங்கும், தசையும் காக்கப்படும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் புரதத்தை மருத்துவர் சொல்லாமல் கூட்டக் கூடாது. தூக்கத்தையும் பாருங்கள். 2010இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் அதே ஆட்கள் எட்டரை மணி நேரம் படுத்த இரண்டு வாரத்திலும் ஐந்தரை மணி நேரம் படுத்த இரண்டு வாரத்திலும் ஒரே அளவு எடைதான் இழந்தார்கள். ஆனால் குறைவாகத் தூங்கியபோது அதில் கொழுப்பின் பங்கு 55 சதவீதம் குறைந்தது.

இப்படி அளந்து, உணவின் அளவை நிர்ணயித்து உண்ணவைத்து, நம் அரிசி, தேங்காய், பருப்பை வைத்தே நீண்டகாலச் சோதனைகள் நடத்த அரசு தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். இந்தியர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று சொல்லும் கணக்கெடுப்புகள் அவசியம்தான். அவை மட்டும் போதாது.

நோட்டில் எல்லாம் சரியாக இருந்தும் எடை நின்றால் மருந்துச் சீட்டை எடுங்கள். இன்சுலின், கிளிமெபிரைடு, பயோகிளிட்டசோன், பிரெட்னிசோலோன், ஒலான்சபின், வால்புரோயேட், அமிட்ரிப்டிலின் ஆகியவை எடை கூட்டக்கூடியவை. தைராய்டுக்கு டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை பார்க்கலாம், ஆனால் தைராய்டு குறைவால் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான், அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக் கூடாது. குறிப்பாக இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவர் மாவுச்சத்தைக் குறைத்துவிட்டுப் பழைய அளவிலேயே மருந்தைத் தொடர்ந்தால் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கும், கை நடுங்கும், உடனே இனிப்பு சாப்பிட்டே ஆக வேண்டியிருக்கும். வாரத்தில் நான்கு முறை அப்படிச் சாப்பிடுபவருக்கு, மருந்தின் அளவை மருத்துவர் குறைத்த பிறகே எடை மறுபடி இறங்கத் தொடங்கும்.